அல்லூரில் கிடக்கும் தண்ணீர்: மலாக்கா தோட்டப்புறமும் வறட்சிக்காலத் தீயும்

தைப்பூசம் முடிந்து மாசி மகம் வருவதற்குள் மலாக்காவின் பால்மரங்கள் மொட்டையாகிவிடும். ஜாசின், அலோர் காஜா வட்டாரச் சிறுதோட்டங்களில் அந்த வாரங்களில் நடப்பவருக்குக் காலடியில் அப்பளம் நொறுங்கும் ஓசைதான் கேட்கும். மரம் இலையுதிர்க்கும் பருவமும் இந்த மாநிலத்தில் மழை குறையும் சனவரி, பிப்ரவரி மாதங்களும் சேர்ந்தே வருகின்றன. தரையில் கணுக்கால் உயரத்துக்குச் சருகு. எல்லையோரத்தில் இடுப்பளவு லாலாங் புல். அதற்கும் அப்பால் யாரோ பற்றவைத்துவிட்டுப் போன குப்பைக் குவியல். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

காட்டுத் தீ என்றதும் கலிபோர்னியாவையும் ஆஸ்திரேலியாவையும் நினைப்பது வழக்கம். மலாக்காவில் எரிவது அப்படிப்பட்ட பெருங்காடு அல்ல. புல்மேடு, கைவிடப்பட்ட கொல்லை, பால்மரச் சருகு, செம்பனை வரிசைகளுக்கிடையே அடுக்கிய காய்ந்த மட்டை, இவ்வளவுதான். நாளிதழில் நாலு வரிச் செய்தியாக வந்தாலே அதிகம். இழப்பவருக்கோ அது நாலு வரி விஷயமில்லை. பால்மரத்தின் பட்டை மெல்லியது. தரையோடு ஓடும் சருகுத் தீ அடிமரத்தில் சில நிமிடம் தங்கினாலே பட்டைக்குள் இருக்கும் உயிர்த்திசு வெந்துவிடும். பால் சீவும் இடமே அந்த அடிமரம்தான். நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்து சீவத் தொடங்கிய ஒரு சிறுதோட்டக்காரருக்கு ஒரு பிற்பகலில் எல்லாம் போய்விடலாம். செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கும் கோயிலின் தகரக் கொட்டகை, பழைய லயத்தின் பலகைச் சுவர், தமிழ்ப்பள்ளியின் வேலியோரச் சேமிப்பு அறை ஆகியவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு.

இப்படிப்பட்ட இடங்களில் தூக்கிச் செல்லக்கூடிய நீர்க்கருவிகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? இரண்டங்குலப் பெட்ரோல் பம்பு, பிக்அப் வண்டியில் ஏற்றும் தொட்டி, கேன்வாஸ் குழாய், முதுகில் மாட்டும் பம்பு என எல்லாமே கடையில் கிடைப்பவை. வாங்குவது எளிது. ஆனால் பல நாடுகளின் அனுபவத்தைப் பார்த்தால், வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும் செய்யும் வேலைகளே பலனைத் தீர்மானித்திருக்கின்றன.

லாலாங் மலாக்காவுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீன முதலாளிகள் இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் மரவள்ளி பயிரிட்டார்கள். சில போகங்களில் மண் ஓய்ந்துபோகும். அதை விட்டுவிட்டு அடுத்த காட்டை அழிப்பார்கள். கைவிட்ட நிலத்தில் முதலில் குடியேறுவது லாலாங். அதன் வேர்த்தண்டு மண்ணுக்கு அடியில் படர்ந்திருப்பதால் மேலே எத்தனை முறை எரிந்தாலும் அது சாவதில்லை. எரிந்த சில நாளிலேயே பச்சைக் குருத்து எட்டிப்பார்க்கும். போட்டிப் பயிர்கள் கருகிவிடுவதால் ஒவ்வொரு தீயும் லாலாங்குக்கு இடம் விரித்துக் கொடுக்கிறது. 1896இல் தோட்ட முதலாளி டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டு, பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்ததோடு மலாயாவின் வணிக ரப்பர் வரலாறு தொடங்குகிறது. அதனுடனேயே லாலாங்குடனான போரும் தொடங்கிவிட்டது. ஜாசின் லாலாங் என்று ஒரு தோட்டத்துக்கே பெயர். தமிழகத்திலிருந்து வந்தவர்களின் முதுகு வளைந்தது பால் சீவுவதற்கு மட்டுமல்ல, லாலாங் கிழங்கைத் தோண்டி எடுப்பதற்கும்தான். அந்தக் காலத் தோட்ட நிர்வாகம் களையில்லாத தரையை வற்புறுத்தியதற்குத் தீப் பயமும் ஒரு காரணம்.

அதே நிர்வாகங்கள் மறுநடவின்போது பழைய மரங்களை வெட்டிக் குவித்து எரித்தன என்பதும் உண்மை. பல பத்தாண்டுகளாக அதுவே வழக்கம். 1980களின் இறுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் மரத்தைச் சீவித் துண்டாக்கி மண்ணிலேயே மக்கவிடும் எரிப்பில்லா மறுநடவைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. அதற்காக 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருதும் பெற்றது. 1999இல் ஆசியான் நாடுகள் இதையே பொதுக் கொள்கையாக ஏற்றன. இன்று மலேசியாவில் திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். 2024 திருத்தத்துக்குப் பிறகு உச்ச அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகிறது. பெருந்தோட்டம் இப்போது தீ மூட்டுவதில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் மூட்டுகிறார். சிகரெட்டை வீசுபவர் மூட்டுகிறார். சீனர்களின் செங் பெங் நாளில் கல்லறையில் காகிதம் எரிப்பவர் காற்று திரும்பியதைக் கவனிக்காமல் போகிறார்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்தில் மணி அடித்தால் நூறு பேர் ஓடிவருவார்கள். பச்சைக் கிளையும் ஈரச் சாக்குமாகத் தீயை அடித்தே அணைப்பார்கள். அந்த நூறு பேர் இப்போது தாமான்களில், அடுக்குமாடி மலிவு வீடுகளில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். லயங்களில் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள். மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பல இன்னும் தோட்டத்துப் பெயரையே தாங்கி நிற்கின்றன. கோயில்களும் நிற்கின்றன. காவலுக்கு ஆள்தான் இல்லை. ஆள் குறைந்த இடத்தில் கருவியின் தேவை கூடுகிறது. அதை இயக்கவும் ஆள் வேண்டுமே என்ற கேள்வியும் உடனே எழுகிறது.

முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். குழாயைத் திறந்தால் வரும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலானோர் இருக்கிறார்கள். மலாக்கா மக்களுக்கு 1991 நினைவிருக்கும். துரியான் துங்கால் அணை வற்றி, மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. தோம்பும் வாளியுமாக லோரிக்குக் காத்திருந்த காலம் அது. பிறகு ஜுஸ் அணை வந்தது. ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்தும் நீர் வாங்கப்படுகிறது. ஆனாலும் மலாக்கா நீர்வளம் குறைந்த சிறிய மாநிலம்தான். லாலாங் காயும் அதே வாரங்களில்தான் அணையின் மட்டமும் இறங்குகிறது, குழாயின் அழுத்தமும் குறைகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையின் கோடியில் தீயணைப்புத் துறையான பொம்பாவின் தெருக்குழாயை எதிர்பார்க்கவே முடியாது.

வசதி படைத்த நகரத்திலும் குழாய் கைவிட்டதுண்டு. 2025 சனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் தீ பரவியபோது, அந்த மலைப்பகுதிக்கு அழுத்தம் தரும் மூன்று தொட்டிகள் நிரம்பியே இருந்தன. ஒவ்வொன்றும் 10 லட்சம் கேலன். மறுநாள் விடிவதற்குள் மூன்றும் காலியாகி, உயரமான தெருக்களின் தீயணைப்புக் குழாய்கள் வறண்டன. நகரக் குழாய் அமைப்பு ஒன்றிரண்டு கட்டடத் தீயை மனத்தில் வைத்துக் கட்டப்படுவது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வாய்கள் திறந்தால் எந்த அமைப்பும் தாங்காது.

ஆக, தோட்டப்புறத்தில் நம்பக்கூடிய தண்ணீர் குழாய்க்கு வெளியே இருப்பதுதான். அது மலாக்காவில் இல்லாமலில்லை. அல்லூர் என்னும் வடிகால், மீன் வளர்க்கும் குட்டை, கெசாங் ஆற்றின் கிளையோடைகள், ஆலைக் கழிவுநீர்க் குளம், மழைநீர்த் தொட்டி, மருந்தடிக்கும் அணிக்காக டிராக்டர் இழுத்துச் செல்லும் நீர்த்தொட்டி என எங்கும் தண்ணீர் கிடக்கிறது. அதைத் தீ இருக்கும் இடத்துக்குத் தள்ளும் சாதனம்தான் இல்லை. கையடக்கப் பம்புக்கு இங்கே உள்ள பெரிய நியாயம் இதுவே.

ஆனால் கடையில் கிடைக்கும் பம்பு எல்லாம் தீக்கு ஏற்றதல்ல. சில நூறு வெள்ளியிலிருந்து கிடைக்கும் சாதாரண இரண்டங்குலப் பம்பு காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சச் செய்யப்பட்டது. நிமிடத்துக்குச் சுமார் 600 லிட்டர் என்று மேலே ஒட்டியிருப்பார்கள். உயர்த்தும் திறன் 30 மீட்டர் அளவு. அதாவது முழு அழுத்தமே 3 பார்தான். அதுவும் தண்ணீர் வெளியே போகாதபோது மட்டும். நிறையத் தண்ணீரை மெல்ல ஊற்றுவது அதன் குணம். தீயணைப்புக்கு வேண்டியது குறைந்த தண்ணீர், கூடிய வேகம். உயர் அழுத்த வகை இரண்டங்குலப் பம்பு நிமிடத்துக்கு 400, 500 லிட்டர்தான் தரும், ஆனால் 50 மீட்டருக்கு உயர்த்தும். விலை கூடுதல். கையில் உள்ள காசுக்குப் பெரிய எண் எழுதிய பம்பை வாங்குபவர் தவறான எண்ணைப் பார்க்கிறார்.

குழாயின் கணக்கு இன்னும் கொடியது. ஒன்றரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 400 லிட்டர் ஓடவிட்டால், ஒவ்வொரு 30 மீட்டருக்கும் ஏறத்தாழ 1.8 பார் உராய்விலேயே போய்விடும். மூன்று பார் பம்பில் 60 மீட்டர் குழாய் போட்டவருக்கு முனையில் வருவது ஒழுகல்தான். அதே குழாயில் ஓட்டத்தை 200 லிட்டராகக் குறைத்தால் இழப்பு அரை பாருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஓட்டம் பாதியானால் இழப்பு கால்வாசியாகும். எனவே பம்பிலிருந்து பெரும்பகுதி தூரத்துக்கு இரண்டரை அங்குலக் குழாய், கடைசி இருபது முப்பது மீட்டருக்கு மட்டும் சிறிய குழாய், முனையில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மூக்கு என்பது அனுபவப்பட்டவர்களின் அமைப்பு.

உறிஞ்சும் பக்கத்தில்தான் பெரும்பாலான பம்புகள் தோற்கின்றன. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. உள்ளே காற்றை வெளியேற்றுகிறது, வெளியே உள்ள காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால் எவ்வளவு விலை கொடுத்தாலும் நீர்மட்டத்திலிருந்து ஏழு மீட்டருக்கு மேல் வைத்த பம்பு ஒழுங்காக வேலை செய்யாது. வறட்சியில் குட்டை வற்ற வற்ற இந்த உயரம் கூடிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் ஒத்திகை பார்த்து மகிழ்ந்தவர் பிப்ரவரியில் ஏமாறுவது இங்கேதான்.

ஒத்திகை எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்த்தால் புரியும். உறிஞ்சு குழாயின் நுனியில் ஒரு கூடை வலையும் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் கால் வால்வும் இருக்கும். அதை அப்படியே சேற்றில் போட்டால் அடைத்துவிடும். ஒரு வாளிக்குள் வைத்து வாளியைத் தண்ணீரில் இறக்குவார்கள், அல்லது காலி எண்ணெய்க் கலத்தைக் கட்டி மிதக்கவிடுவார்கள். பம்பின் தலையிலுள்ள மூடியைக் கழற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் ஒன்று காய்ந்து வெடித்திருந்தால் போதும், காற்று புகுந்து இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டும் வராது. கயிற்றை இழுக்கிறார்கள், பற்றவில்லை. ஆறு மாதம் கார்புரேட்டரில் நின்ற பெட்ரோல் பிசினாகியிருக்கிறது. குழாயை எலி கடித்திருக்கிறது. மூக்கைத் திருகினால் உள்ளே குளவிக் கூடு. மலாக்காவின் புழுக்கத்தில் எந்தக் கருவியும் பூட்டிய அறையில் சும்மா கிடந்து நல்லபடியாக இருந்ததில்லை. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டு, பெட்ரோல் வால்வை அடைத்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை விட்டு நிறுத்துவது ஒன்றுதான் வழி.

பம்பு போக முடியாத இடத்துக்கு முதுகுப் பம்பு. பொம்பா வீரர்கள் புதர்த் தீயில் பயன்படுத்தும் ‘ஜெட் ஷூட்டர்’ சுமார் 20 லிட்டர் தண்ணீரைப் பையில் சுமப்பது, கையால் அடித்துப் பீச்சுவது. தோட்டத்தில் இதற்குத் தம்பி முறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மருந்தடிக்கும் 16 லிட்டர் தோம்பு. தோட்டப் பெண்களின் தோள் அறிந்த பாரம் அது. முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத புல் தீயின் ஓரத்தை அணைக்க அது ஓரளவு போதும். ஆனால் களைக்கொல்லி மிச்சம் உள்ள தோம்பைத் தீயில் பீச்சி அந்தப் புகையை மூக்கால் இழுப்பது தீயைவிட மோசமான விஷயமாகிவிடலாம். பாராக்குவாட் 2020 சனவரி முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் மற்ற மருந்துகள் புழக்கத்தில் உண்டு. தீக்கென்றே நிறம் பூசித் தனியாக வைத்த தோம்புகள் இரண்டு மூன்று இருந்தால் செலவு பெரிதல்ல.

எந்தத் தீயை எதனால் எதிர்க்கலாம் என்பதற்கு உலகத் தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. சுடர் ஒன்றேகால் மீட்டருக்குள் இருந்தால் கைக்கருவியோடு முன்னே நிற்கலாம். இரண்டரை மீட்டர் வரை இயந்திர பலம் வேண்டும். அதற்கு மேல் தீயின் முகத்துக்கு எதிரே யாரும் நிற்கக்கூடாது, பக்கவாட்டிலிருந்துதான் சுருக்க வேண்டும். காய்ந்த லாலாங் காற்றில் எரியும்போது சுடர் சர்வசாதாரணமாக இந்த இரண்டாம் எல்லையைத் தாண்டிவிடும். மேட்டில் ஏறும் தீ பத்துப் பாகைச் சரிவுக்கு ஏறத்தாழ இரட்டை வேகம் எடுக்கும். லேடாங் மலையடிவாரத்து அசகான் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது காய்ந்த புல் மண்டிய சரிவில் ஏறிய தீதான். 23 உயிர்கள் போயின.

ஆகவே வீட்டையோ கோயிலையோ காக்க நினைப்பவர் தீயைத் தேடிப் போய் அணைப்பதைவிட, தீ வந்து சேரும் இடத்தைத் தயாராக வைப்பது மேல். இதற்கு நல்ல ஆராய்ச்சி உண்டு. அமெரிக்க வனத்துறையின் ஜாக் கோஹன் 1990களின் பிற்பாதியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் நடந்த சோதனைகளில், மரச்சுவர்களை நிறுத்தி அவற்றுக்கு எதிரே காட்டையே எரித்துப் பார்த்தார். 10 மீட்டர் தூரத்துச் சுவர்களில் சில பற்றின. 20, 30 மீட்டர் தூரத்தில் இருந்தவை பற்றவில்லை. பெருந்தீயின் வெப்பத்தால் எரிவதைவிட, பறந்துவந்த கங்கு கூரை இடுக்கிலும் மழைநீர்ப் பீலியில் தங்கிய சருகிலும் விழுந்து எரியும் வீடுகளே அதிகம் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வுகளும் காட்டின. பலகை லயத்தின் பீலியைத் துடைத்து, சுவரோடு சாய்த்த விறகை நகர்த்தி, சுற்றிலும் லாலாங்கை அடியோடு வெட்டினால், பிறகு வீட்டைக் காக்க வேண்டிய தண்ணீரின் அளவு கிடுகிடுவென்று குறைந்துவிடும். பம்பு விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

தண்ணீர் தெளிப்பான்களுக்குச் சாதகமான சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கன்பிளிண்ட் டிரெயில் என்ற ஏரிப்பகுதி வீடுகளில், கூட்டரசு மானியத்தோடு கூரைத் தெளிப்பான்கள் பொருத்தப்பட்டன. ஏரியிலிருந்தே பம்பு நீரெடுக்கும், இயந்திரம் சமையல் எரிவாயு போன்ற புரோபேனில் ஓடும். 2007 மே மாதத்தில் ஹாம் லேக் தீ கனடா எல்லை தாண்டி 75,000 ஏக்கர் அளவுக்கு எரித்தபோது, தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் பெரும்பாலானவை தப்பின. அங்கே தெளிப்பான் வென்றது மூன்று காரணங்களால். தண்ணீர் வற்றாத ஏரி, மின்சாரத்தை நம்பாத இயந்திரம், தீ வருவதற்குப் பல மணி நேரம் முன்பே ஓடவிட்ட பழக்கம். முன்கூட்டியே நனைந்த கூரையும் தரையும் கங்குகளை அணைத்தன. மக்கள் அங்கே நின்றுகொண்டிருக்கத் தேவையும் இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான பாடம் 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பரவிய பெருந்தீயில் கிடைத்தது. 173 பேர் இறந்தார்கள், 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. வீட்டிலேயே நின்று காக்கலாம் என்று பம்பும் தொட்டியும் வைத்திருந்தவர்கள் அங்கே ஏராளம். மின்கம்பி அறுந்ததும் மின்பம்புகள் நின்றன. பிளாஸ்டிக் குழாய்களும் இணைப்புகளும் உருகின. பெட்ரோல் பம்புகள் சூட்டில் திணறின. பின்னர் அமைந்த அரச விசாரணை ஆணையம் முந்தைய ‘நின்று காத்தல் அல்லது முன்பே விலகுதல்’ கொள்கையைக் கடுமையாக மறுபரிசீலனை செய்தது. மிக மோசமான நாட்களில் விலகுவதே முதல் தேர்வு என்று அறிவுரை மாறியது. நின்று காக்க விரும்புவோருக்கு அங்குள்ள தீயணைப்பு அமைப்புகள் சொல்லும் குறைந்தபட்சம் தீக்கென்றே ஒதுக்கிய 10,000 லிட்டர் தண்ணீர், பெட்ரோல் அல்லது டீசல் பம்பு, தரைக்கு மேலே உலோகக் குழாய்.

பத்தாயிரம் லிட்டர் என்பது மலாக்காவில் எட்டாத எண்ணல்ல. கம்பிக் கூண்டுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியாகப் பழைய பொருள் கடைகளில் கிடைப்பது 1,000 லிட்டர் கொள்ளும். பத்துத் தொட்டி போதும், இரண்டு கொட்டகைக்கு இடையில் வைக்கலாம். கொசு புகாமல் மூட வேண்டும், டிங்கி உள்ள நாடு. ஆனால் அதே தொட்டியை நிரப்பிப் பிக்அப்பில் ஏற்றிக்கொண்டு தோட்டச் சாலையில் பறக்க நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். ஆயிரம் லிட்டர் ஒரு டன். பெரும்பாலான பிக்அப்புகளின் சுமைத் திறன் அவ்வளவுதான், பம்பும் ஆளும் ஏறினால் மீறிவிடும். பாதி நிரம்பிய தொட்டி வளைவில் அலையடித்து வண்டியைக் கவிழ்க்கும். நானூறு லிட்டரும் சிறிய பம்பும் வைத்த வண்டி வேகமாகப் போய்ச் சேரும், திரும்பித் திரும்பி நிரப்பிக்கொள்ளும்.

வானத்திலிருந்து கொட்டினால் தீ அடங்கிவிடும் என்று நம்புபவர்களுக்கு நீலகிரி ஒரு கணக்குத் தருகிறது. 2024 மார்ச்சில் குன்னூர் வனச்சரகத்தில் தனியார் தோட்டமொன்றிலிருந்து பரவிய தீயை அணைக்க இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் வாளி கட்டிப் பறந்தது. அது கொட்டியதாக அறிவிக்கப்பட்டது சுமார் 16,000 லிட்டர். நிமிடத்துக்கு 400 லிட்டர் தரும் ஒரு பம்பு நாற்பது நிமிடத்தில் அதைத் தந்துவிடும். மனிதர் ஏற முடியாத சரிவுக்கு ஹெலிகாப்டர் வேண்டும், அதில் ஐயமில்லை. செம்மண் சாலை போகும் இடத்துக்குக் குட்டையோரப் பம்பு போதும்.

சதுப்புக் கரிமண் நிலம் வேறு கதை. மலாக்காவில் அது குறைவு. ஆனால் கோலசிலாங்கூர் பக்கம் உறவினர் உள்ள மலாக்காக் குடும்பங்கள் அது எரியும் புகையை அறியும். மண்ணே எரியும் இடத்தில் மேலே பீச்சும் தண்ணீர் ஓடிப்போகும், தீ அடியில் வாரக்கணக்கில் கனலும். வட சிலாங்கூரின் ராஜா மூசா வனப்பகுதியில் 2008 முதல் உலகச் சுற்றுச்சூழல் மையமும் சுற்றுவட்டார மக்களும் செய்துவரும் வேலையில் பம்பைவிடக் கால்வாய் அடைப்புதான் முக்கியம். பழைய வடிகால்களை மறித்து நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள், மரம் நடுகிறார்கள், வறட்சியில் ரோந்து போகிறார்கள். மண் நனைந்தே இருந்தால் பற்றாது.

கருவிக்குப் பின்னால் அமைப்பு வேண்டும் என்பதை இந்தோனேசியா காட்டுகிறது. 2015இல் அங்கே 26 லட்சம் ஹெக்டர் எரிந்தது, உலக வங்கி இழப்பை 1,600 கோடி அமெரிக்க டாலராகக் கணக்கிட்டது. மலாக்காவிலும் சூரியன் சிவப்பாகத் தெரிந்த ஆண்டு அது. அங்கே கிராமத்துத் தன்னார்வத் தீக்குழுக்களுக்குக் கையடக்கப் பம்புகள் கொடுக்கப்படுகின்றன. எங்கே தலைவர் இருக்கிறார், பெட்ரோலுக்குக் காசு இருக்கிறது, உதிரிப் பாகம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு பம்பு உயிரோடு இருப்பதும் துருப்பிடிப்பதும்.

மலேசியாவில் இதற்கான சட்டகம் ஏற்கெனவே உண்டு. பொம்பாவின் கீழ் இயங்கும் ‘பசுகான் பொம்பா சுக்கரேலா’ என்னும் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் புதுக்கிராமங்களிலும் சிறுபட்டணங்களிலும் வேரூன்றியவை. சீனச் சமூகம் இதைத் தன் கோயில், பள்ளி வாரியம் போலவே நடத்திவருகிறது. தமிழர்களிடம் கோயில் நிர்வாகக் குழு இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது, தேர் இழுக்க நூறு இளைஞர்கள் வருகிறார்கள். தீயணைப்புப் பயிற்சிக்கு அவர்களில் பத்துப் பேரைச் சேர்ப்பது நடக்காத காரியமல்ல. பயிற்சியைப் பொம்பா நிலையத்தைக் கேட்டே ஏற்பாடு செய்யலாம். தோட்ட நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான ஆர்.எஸ்.பி.ஓ. சான்று பெற்றவை தீத்தடுப்பு, தீக்கட்டுப்பாட்டு ஏற்பாடுகளை வைத்திருக்கக் கடமைப்பட்டவை. அந்த ஏற்பாடு ஆலையையும் கிடங்கையும் மட்டும் பார்க்கிறதா, எல்லைக்குள் நிற்கும் பள்ளியையும் கோயிலையும் பார்க்கிறதா என்று நிர்வாகியிடம் கேட்பது நியாயமான கேள்வி. பயிற்சி நடந்தால் அது தமிழிலும் மலாயிலும் மட்டும் போதாது. லயத்தில் இப்போது யார் இருக்கிறார்களோ அவர்கள் மொழியிலும் நடக்க வேண்டும், தீ வரும்போது பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.

எப்போது விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கும் வழிகாட்டி உண்டு. மலேசிய வானிலைத் துறை கனடிய முறையைத் தழுவித் தீ அபாய வரைபடங்களை நாள்தோறும் வெளியிடுகிறது. அதில் மெல்லிய எரிபொருளின் ஈரத்துக்கு ஒரு குறியீடு, ஆழ்மண் வறட்சிக்கு வேறொரு குறியீடு. முதலாவது ஒரு பகல் வெயிலிலேயே தாவும். முந்தாநாள் மழை பெய்ததே என்ற ஆறுதல் லாலாங் விஷயத்தில் செல்லாது.

ஒரு தோட்டப் பள்ளியோ கோயிலோ டிசம்பர் விடுமுறையில் செய்யக்கூடிய வேலையைக் கணக்கிட்டால் இப்படி வரும். வேலிக்கு வெளியே இருபது மீட்டர் அகலத்துக்கு லாலாங்கை வெட்டி அள்ளுவது, பீலி துடைப்பது. அருகிலுள்ள குட்டையின் நீர்மட்டத்தைக் கரையிலிருந்து கயிறுவிட்டு அளந்து, பிப்ரவரியில் மீண்டும் அளப்பது. லோரி வந்து நிற்க அங்கே இடம் இருக்கிறதா, சங்கிலிக் கதவின் சாவி யாரிடம் என்று எழுதி வைப்பது. ஜாசின் அல்லது அலோர் காஜா பொம்பா நிலையத்துக்குச் சாலை வரைபடம் ஒன்று கொடுத்துவைப்பது. செம்பனைத் தோட்டத்துக்குள் எல்லாச் சந்தும் ஒன்றுபோலிருக்கும், தெரியாத ஓட்டுநர் இரவில் வழிதவறுவார். புகை தெரிந்தவுடன் 999, அதற்குப் பிறகுதான் பம்பின் கயிறு. காற்று தங்கள் பக்கம் திரும்பி, சுடர் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டால் தெளிப்பானை ஓடவிட்டுவிட்டு அனைவரும் வெளியேறும் பாதை எது என்பதையும் அப்போதே நடந்து பார்த்துவிட வேண்டும். பம்பு வாங்க வேண்டுமா என்ற விவாதத்தை இத்தனைக்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் அதுதான் செலவு கூடியது, அதற்கு முன் சொன்னவற்றுக்கு ஒரு சனிக்கிழமையும் இருபது பேரும் போதும்.